பட்டு கட்டிய துறைமுகம்

டோக்கியோவிலிருந்து ரயிலில் அரை மணி நேரம்தான் என்பதால், யோகோஹாமாவுக்கு ஒரு மாலைப்பொழுது போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். ராட்சத ராட்டினம், 296 மீட்டர் உயர லேண்ட்மார்க் டவர், சைனா டவுனில் ஆவி பறக்கும் பன், அவ்வளவுதான். சுமார் 37 லட்சம் பேர் வாழும் இந்த ஊர் எதனால் வளர்ந்தது என்பது அந்தச் சுற்றில் தட்டுப்படாது.

1859-ல் வெளிநாட்டு வணிகத்துக்குத் துறைமுகம் திறக்கும்வரை இங்கே இருந்தது ஒரு சின்ன மீனவக் கிராமம். அதை நகரமாக்கியது பட்டு. ஏற்றுமதியான கச்சாப் பட்டில் பெரும்பகுதி இங்கேதான் கப்பலேறியது. அந்தப் பணம் என்ன செய்தது என்று பார்க்க சான்கெய்யென் தோட்டத்துக்குப் போகவேண்டும். பட்டு வணிகர் ஹரா தோமிதாரோ 1906-ல் மக்களுக்குத் திறந்துவிட்ட தோட்டம் இது. பழைய கோயில் ஒன்றின் மூன்றடுக்குக் கோபுரத்தையே பிரித்து எடுத்துவந்து குன்றின்மேல் நிறுத்தியிருக்கிறார். பணம் இருந்தால் போதாது, ரசனையும் வேண்டும். ஹராவுக்கு இரண்டும் இருந்தன. 1916-ல் ஜப்பானுக்கு வந்த தாகூர் இங்கே தங்கினார்.

கடற்கரையை ஒட்டிய யமாஷிதா பூங்காவில் ரோஜாக்களைப் படமெடுப்பவர்களின் காலடியில் கிடப்பது பழைய யோகோஹாமா. 1923 செப்டம்பர் 1 அன்று நிலநடுக்கமும் தீயும் நகரை அழித்தன. இடிபாடுகளைக் கடலோரத்தில் கொட்டி நிரப்பி, 1930-ல் பூங்காவாக்கினார்கள். அதே ஆண்டில் ஓடத் தொடங்கிய ஹிகாவா மாரு கப்பல் 1961 முதல் எதிரிலேயே நிற்கிறது. உள்ளே ஏறிப் பார்க்கலாம்.

பூங்காவின் ஓரத்தில் குவிமாடம் வைத்த ஒரு சிறிய மண்டபம். இந்தியச் சாயல் அப்பட்டமாகத் தெரியும். பட்டு வாங்க வந்து குடியேறிய இந்திய வணிகர்கள், பெரும்பாலும் சிந்திகள், அந்த நிலநடுக்கத்தில் தங்களவர் சிலரை இழந்தார்கள். பிழைத்தவர்களுக்கு ஊர்மக்கள் கைகொடுத்தார்கள். பிறகு வணிகர்கள் கோபே நகருக்குப் பெயர்ந்தபோது, பட்டு வியாபாரம் படுத்துவிடுமே என்று யோகோஹாமா அவர்களை வருந்தி அழைத்தது. இறந்தவர்களின் நினைவாகவும் நன்றியாகவும் இந்தியர்கள் 1939-ல் நகரத்துக்கு அளித்த குடிநீர் மண்டபம் இது. அந்த நட்பில் கொஞ்சம் வியாபாரமும் கலந்திருந்தது. அதனால் நன்றி பொய்யாகிவிடவில்லை. உள்ளே போய் அண்ணாந்து பார்க்கத் தவறாதீர்கள்: கூரை முழுக்க மொசைக் வேலைப்பாடு.