வளைகுடாத் தட்டில் முழு உணவு

அளவுக்கு மீறி உண்பதை மனவுறுதிக் குறைவாக எண்ணும் வழக்கம் உலகெங்கும் வேரூன்றியிருந்தாலும், ஒருவர் எவ்வளவு உண்கிறார் என்பதை அவர்முன் வைக்கப்படும் உணவின் வடிவமே பெருமளவு தீர்மானிக்கிறது என்பதற்கு இன்று வலுவான சான்று இருக்கிறது. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பெதஸ்டாவிலுள்ள தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் மருத்துவமனையில் கெவின் ஹால் தலைமையிலான குழு 20 பேரை நான்கு வாரம் தங்கவைத்து நடத்தி, 2019ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், ஒவ்வொருவருக்கும் இரண்டு வாரம் ஆலைகளில் மிகையாகப் பதப்படுத்தப்பட்ட உணவும், இரண்டு வாரம் இயல்பு மாறாத பொருள்களைக் கொண்டு சமைத்த உணவும் அளிக்கப்பட்டன. பரிமாறப்பட்டவற்றில் கலோரியும் சர்க்கரையும் கொழுப்பும் உப்பும் நார்ச்சத்தும் இருவகையிலும் ஒத்திருக்குமாறு பார்த்துக்கொள்ளப்பட்டது. எவ்வளவு உண்பது, எப்போது நிறுத்துவது என்பது மட்டும் உண்பவர் விருப்பத்துக்கு விடப்பட்டது. அப்படியிருந்தும், பதப்படுத்திய உணவுக்குரிய நாள்களில் அவர்கள் நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 கலோரி கூடுதலாக உண்டனர், எடையும் சராசரியாக 0.9 கிலோ கூடியது. மற்ற இரண்டு வாரத்தில் அதே அளவு எடை குறைந்தது. இரண்டில் எது இனியது என்று கேட்டபோது குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தென்படாததால், ருசிக்கு மயங்கியே மிகுதியாக உண்டனர் என்ற எளிய விளக்கம் இங்கே செல்லாது.

காரணத்தை வாயிலிருந்தே தேட வேண்டியிருக்கிறது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர ஆய்வாளர்கள் 1977ஆம் ஆண்டு லான்செட் இதழில் வெளியிட்ட சிறிய சோதனை ஒன்றில், ஆப்பிளை முழுப் பழமாகவும், மசித்த கூழாகவும், நார் நீக்கிய சாறாகவும் கொடுத்துப் பார்த்தபோது, சாறு முழுப் பழத்தைவிட 11 மடங்கு விரைவாக உள்ளே போனது. வயிறு நிறைந்த உணர்வும் சாற்றில்தான் மிகக் குறைவாக இருந்தது. பல்லுக்கு வேலை தரும் உணவு மெல்லச் செல்வதால் உடலின் செய்தித்தொடர்புக்கு நேரம் கிடைக்கிறது. இரைப்பையில் சுரந்து பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் தணியவும், சிறுகுடலின் கடைப்பகுதியிலும் பெருங்குடலிலும் சுரந்து நிறைவை அறிவிக்கும் பி.ஒய்.ஒய். என்ற ஹார்மோன் உயரவும் சில நிமிடங்கள் போதாது. பத்து நிமிடத்தில் தட்டைக் காலி செய்பவரின் மூளைக்கு 'போதும்' என்ற செய்தி வந்து சேரும்போது அவர் கை கழுவியிருப்பார். ஹாலின் ஆய்விலும் முழு உணவு உண்ட நாள்களில் பி.ஒய்.ஒய். உயர்ந்தும் கிரெலின் தாழ்ந்தும் காணப்பட்டன. ஆற்றல் அடர்த்தி, அதாவது ஒரு கிராம் உணவில் அடங்கியுள்ள கலோரி, மற்றொரு காரணமாகக் கருதப்படுகிறது. நார்ச்சத்தைச் சமப்படுத்துவதற்காகப் பதப்படுத்திய உணவோடு நார் கலந்த பானங்கள் சேர்க்கப்பட்டிருந்தன. அந்தப் பானங்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் அதன் திட உணவில் ஆற்றல் அடர்த்தி ஏறக்குறைய இருமடங்காக இருந்தது.

மிகையாகப் பதப்படுத்தப்பட்டது எது என்பதை வரையறுக்க, பிரேசிலின் சாவோ பாலோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்லோஸ் மொன்டேரோ வகுத்த நோவா என்னும் நால்வகைப் பகுப்பு இன்று பரவலாகப் பயன்படுகிறது. ஆனால் அதை வளைகுடா நாடுகளில் வாழும் தமிழரின் தட்டோடு பொருத்தும்போது ஒரு சிக்கல் எழுகிறது. வீட்டுச் சமையலறையில் இல்லாத சேர்மானங்களைக் கொண்டு ஆலையில் உருவாகும் குளிர்பானம், உடனடி நூடுல்ஸ், பொட்டலத் தின்பண்டம் போன்றவற்றை அந்தப் பகுப்பு நான்காம் வகையில் சரியாகவே வைக்கிறது. தவிடும் முளையும் நீக்கித் தீட்டிய வெள்ளை அரிசியையோ, கீரையோடும் பழத்தோடும் சேர்த்து, குறைவாகப் பதப்படுத்திய முதல் வகையில் வைத்துவிடுகிறது. துபாயின் சோனாப்பூரிலோ அபுதாபியின் முசஃபாவிலோ உள்ள தொழிலாளர் முகாமில் காலையில் குப்பூஸ், மதியம் டப்பாவில் கட்டிய வெள்ளைச் சோறு, இரவில் மைதாப் பரோட்டா, இடையிடையே டின்பாலில் கொதித்த கரக் டீ என்று நாளைக் கழிப்பவருக்கு, நோவாவின் நான்காம் வகை கண்ணில் படுவதைக் காட்டிலும் தீட்டிய மாவுச்சத்தே வேளைதோறும் வந்து நிற்கிறது. எனவே இங்கே முழு உணவு என்பதை, தானியமானால் தவிட்டோடும், பயறானால் தோலோடும், பழமானால் சதையோடும் நாரோடும் இருப்பது என்று இன்னும் கறாராகக் கொள்வதே பொருத்தம்.

இந்தக் கறார் தேவைதானா என்பதற்குச் சென்னையிலேயே விடை இருக்கிறது. மருத்துவர் வி. மோகனின் சென்னை நீரிழிவு ஆய்வு அறக்கட்டளை நகரவாசிகளிடம் நடத்திய கணக்கெடுப்பில், அன்றாட ஆற்றலில் ஏறக்குறையப் பாதி தீட்டிய தானியங்களிலிருந்தே வந்ததும், அவற்றை மிகுதியாக உண்டவர்களிடம் இடுப்புப் பருமனும் இரத்தக் கொழுப்பும் உயர்ந்திருந்ததும் தெரியவந்தன. கடல் கடந்த பிறகு இந்தப் பழக்கம் மாறுவதில்லை. உடலுழைப்பு குறையும் அலுவலகப் பணியாளரிடமும், காரிலும் குளிரூட்டிய அறையிலுமே நாள் கழியும் குடும்பங்களிடமும் அதன் விளைவு மட்டும் பெரிதாகிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாழும் வெளிநாட்டவர் 3,064 பேரிடம் எடுக்கப்பட்டு 2017இல் வெளியான ஆய்வு, அவர்களில் 43 விழுக்காட்டினர் மிகை எடையிலும் 32 விழுக்காட்டினர் உடற்பருமனிலும் இருப்பதைக் காட்டியது. பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பின் 2021ஆம் ஆண்டுக் கணக்குப்படி, வயதுக்கேற்பச் சீர்செய்த நீரிழிவு விகிதம் அமீரகத்தில் 16.4, குவைத்தில் 24.9 விழுக்காடு, குவைத்தின் எண் உலகின் மிக உயர்ந்தவற்றுள் ஒன்று.

வெள்ளை அரிசியை நிறுத்திவிட்டுத் தீட்டாத அரிசிக்கு மாறினால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், அதே சென்னை அறக்கட்டளையின் ஆய்வுகளே ஆசையைச் சற்று அடக்குகின்றன. மிகை எடையுள்ள 15 பேரிடம் 2014இல் வெளியான சோதனையில், தீட்டாத அரிசி உண்ட நாள்களில் 24 மணி நேர இரத்தச் சர்க்கரை ஏற்றம் ஏறக்குறைய 20 விழுக்காடு குறைந்தது. அதனுடன் பயறு சேர்ந்தபோது இன்னும் சற்றுக் குறைந்தது. ஆனால் 166 பேருக்கு மூன்று மாதம், வாரத்தில் ஆறு நாள், நாளுக்கு இரண்டு வேளை என்று வேண்டிய அளவு உண்ணக் கொடுத்துப் பார்த்த பெரிய சோதனையில், ஒட்டுமொத்தமாகக் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. இடுப்புப் பருமன், இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவை சேர்ந்து சீர்கெட்டிருக்கும் வளர்சிதைக் குறைபாட்டுத் தொகுதி உடையவர்களிடம் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை இறங்கியது. அரிசியின் நிறத்தை மாற்றிவிட்டு அதே மலையளவு சோற்றைக் குவிப்பதில் பெரும்பயன் இல்லை என்றும், பயறும் காய்கறியும் தட்டில் இடம்பிடித்துச் சோற்றைத் தாமாகவே ஒதுக்கும்போதுதான் உண்ணும் அளவு குறைகிறது என்றும் இதைப் படிப்பதே நியாயமாகத் தோன்றுகிறது.

இந்த மாற்றம் மெல்லவே நிகழ வேண்டும்; அதற்கு முதன்மையான விளக்கம் பெருங்குடலில் இருக்கிறது. மனிதக் குடல் செரிக்க இயலாத நார்ச்சத்தைப் பெருங்குடலில் வாழும் நுண்ணுயிரிகள் நொதிக்கச் செய்து, குட்டைச் சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் எனப்படும் சிறிய மூலக்கூறுகளாக மாற்றுகின்றன, இவை பி.ஒய்.ஒய். சுரப்பைத் தூண்டுபவை என்பதால், நார்ச்சத்து தரும் நிறைவில் ஒரு பங்கு இந்த நுண்ணுயிரிகள் வழியாகவே வருகிறது. நொதித்தலில் வாயுவும் பிறக்கும். ஆண்டுக்கணக்கில் வெள்ளைச் சோற்றிலும் மைதாவிலும் பழகிய குடலுக்கு ஒரே நாளில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலையும் சிறுதானியமும் போய்ச் சேர்ந்தால் வயிறு உப்பிப் பொருமி, மறுநாளே பரோட்டாவுக்குத் திரும்பச் செய்துவிடும்; எட்டுப் பேர் படுக்கும் அறையில் இது வெறும் தனிப்பட்ட சங்கடமாக நின்றுவிடுவதும் இல்லை. வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு வழிகாட்டுதல். வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் ஏறக்குறைய 7 கிராம் இருக்க, அதே எடை வெள்ளைச் சோற்றில் ஒரு கிராம்கூடத் தேறாது என்பதால், வாரத்துக்கு ஐந்து கிராம் போலக் கூட்டிச் செல்வது ஒன்றிரண்டு மாதத்தில் இலக்கை எட்டிவிடும்.

வளைகுடாவின் வெயில் இதில் ஒரு நிபந்தனையைச் சேர்க்கிறது. அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 மணியிலிருந்து 3 மணி வரை திறந்தவெளி வேலைக்குத் தடை இருக்கும் அளவுக்கு வெப்பம் கொடியது. வியர்வையில் நீரிழக்கும் உடலில் நார்ச்சத்தை மட்டும் கூட்டி நீரைக் கூட்டாவிட்டால் மலச்சிக்கலே மிஞ்சும். கட்டுமானத் தொழிலாளர் கோடையின் நடுவில் இந்த மாற்றத்தைத் தொடங்குவதைவிட அக்டோபருக்குப் பின் தொடங்குவது அறிவுடைமை.

நாவுக்கும் தனியாகக் கால அளவு உண்டு. பிலடெல்பியாவின் மோனல் வேதிப்புலன் மையத்தில் 1980களின் தொடக்கத்தில் நடந்த ஆய்வில், உப்பைக் குறைத்து உண்டவர்களுக்குச் சில மாதங்களில் குறைந்த உப்பே ருசிக்கத் தொடங்கியது. சர்க்கரையில் நிலைமை அவ்வளவு இணக்கமாக இல்லை: அதே மையம் 2016இல் வெளியிட்ட சோதனையில், மூன்று மாதம் சர்க்கரையைக் குறைத்தவர்களுக்கு அதே இனிப்புக் களி முன்னைவிட இனிப்பாகத் தெரிந்தபோதும், அவர்களுக்குப் பிடித்தமான இனிப்பின் அளவு மாறவில்லை. கரக் டீயில் சர்க்கரையைப் பாதியாக்குபவர் சில வாரங்களில் அதை விரும்பத் தொடங்குவார் என்று உறுதி சொல்வதைவிட, பொறுத்துக்கொள்ளப் பழகுவார் என்று சொல்வதே மெய்க்கு அருகில் இருக்கும். ஆகவே டீயின் இனிப்பைக் குறைப்பதோடு நாளைக்கு ஐந்து டீ என்பதை மூன்றாக்குவதும் சேர்ந்தால்தான் கணக்கு நேராகும்.

அரிசியில் படிப்படியாக மாறுவதற்கு வளைகுடாவில் எளிய வழி ஒன்று தற்செயலாக அமைந்திருக்கிறது. மலையாளிகளின் எண்ணிக்கையால், பாலக்காட்டு மட்டை அரிசி துபாய் கராமாவின் மளிகைக் கடை முதல் பெரிய அங்காடிகள் வரை எங்கும் கிடைக்கிறது. புழுக்கி, தவிட்டை முழுதும் நீக்காமல் பகுதியாகத் தீட்டப்படும் அது, வெள்ளைப் பொன்னிக்கும் தீட்டாத அரிசிக்கும் நடுவே நிற்கும் இடைப்படி. முதலில் நான்கில் ஒரு பங்கும் பின்னர் பாதியுமாகப் பொன்னியோடு கலந்து சமைக்கலாம் என்றாலும், இரண்டின் வேகும் நேரமும் வெவ்வேறாதலால் மட்டையை முன்கூட்டியே ஊறவைக்கவோ தனியே வேகவைத்துச் சேர்க்கவோ வேண்டும். விடியற்காலை நான்கு மணிக்கு அடுப்புக்கு வரிசையில் நிற்கும் முகாமில் இந்தக் கூடுதல் அரைமணி நேரமே பல நல்ல முயற்சிகளை முறித்துவிடுகிறது.

அரபு மண்ணின் பழைய உணவே இந்த மாற்றத்துக்கு நல்ல துணை. கோதுமையையும் இறைச்சியையும் மணிக்கணக்கில் வேகவைத்து மசிக்கும் ஹரீஸ், 2023இல் அமீரகம், ஓமன், சவூதி அரேபியா ஆகியவற்றின் பெயரில் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. அதே மண்ணின் பேரீச்சைக்கும் சான்று இருக்கிறது: அல் ஐனிலுள்ள அமீரகப் பல்கலைக்கழகத்தார் ஃபர்த், லூலூ, கலாஸ் உள்ளிட்ட ஐந்து வகைப் பேரீச்சையை ஆராய்ந்து 2011இல் வெளியிட்டதில், உணவு இரத்தச் சர்க்கரையை எவ்வளவு விரைவாக ஏற்றும் என்று காட்டும் கிளைசீமிக் குறியீடு, நலமுள்ளவர்களிடம் 46 முதல் 55 வரையிலும், நீரிழிவு உள்ளவர்களிடம் 44 முதல் 53 வரையிலும் இருந்தது. இவ்வளவு இனிப்பான பழத்துக்கு இது வியப்பூட்டும் அளவுக்குத் தாழ்வு. எனினும் பேரீச்சையை மட்டில்லாமல் உண்ணலாம் என்பதற்கு இது அனுமதிச் சீட்டு ஆகாது: உலர்ந்த பேரீச்சை 100 கிராமில் 280 கலோரி அளவுக்கு இருக்கிறது, அதைப் பிழிந்தெடுக்கும் பாகிலோ பிரிஸ்டல் ஆப்பிள் சாற்றின் கதையே திரும்ப நிகழ்கிறது.

ரமலானில் பேரீச்சையாலும் நீராலும் நோன்பு திறந்து, மஃரிப் என்னும் அந்தித் தொழுகையை முடித்துவிட்டுப் பிறகு உணவுக்கு அமரும் வழக்கம், நிறைவின் செய்தி மூளைக்குப் போய்ச்சேர வேண்டிய இடைவெளியை இயல்பாகவே தருகிறது. துபாயின் தேரா பகுதிப் பள்ளிவாசலில் தமிழகத்து நோன்புக் கஞ்சி வழங்கப்படுவதும் இதோடு சேர்ந்தது. உணவுக்கு முன் சூப் குடித்தவர்கள், சூப்பின் கலோரியையும் சேர்த்துக் கணக்கிட்டாலும், அந்த வேளையில் 20 விழுக்காடு குறைவாக உண்டதை அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்பரா ரோல்ஸ் 2007இல் காட்டியிருக்கிறார். பருப்பும் வெந்தயமும் சேர்ந்து நீர்க்கக் காய்ச்சிய கஞ்சிக்கும் அதே தன்மை உண்டு எனக் கருத இடமிருக்கிறது. இந்த இடைவெளியைத் தவிர்த்து, அழைத்தவுடன் பஃபே மேசைக்கு விரையும் உணவகக் கூடாரங்களில்தான் நோன்பு மாதத்தில் எடை கூடுகிறது என்று ஐயுறலாம்.

செலவு பற்றிய பேச்சைத் தவிர்க்க முடியாது. ஹாலின் ஆய்வில் நாளொன்றுக்கு 2,000 கலோரி என்ற கணக்கில் ஒரு வாரத்துக்குப் பதப்படுத்திய உணவின் பொருள்களுக்கு 106 டாலரும், முழு உணவின் பொருள்களுக்கு 151 டாலரும் ஆயின. மாதம் ஆயிரம் திர்ஹம் அளவில் ஊதியம் பெற்று ஊருக்கு அனுப்புபவரிடம் சால்மனையும் பாதாமையும் பரிந்துரைப்பது கேலியாகிவிடும்; கொண்டைக்கடலை, பாசிப்பயறு, கேழ்வரகு, முட்டை, மத்தி மீன், முட்டைக்கோஸ், துபாயின் ராஸ் அல் கோர் மொத்தச் சந்தையில் அந்தந்தப் பருவத்தில் மலிந்து கிடைக்கும் காய்கள் ஆகியவற்றோடு நின்றால் வேறுபாடு வெகுவாகச் சுருங்கும். அரசின் கை இதுவரை பானங்கள்மேல் பட்டிருக்கிறது: அமீரகம் 2017 அக்டோபரில் காற்றடைத்த குளிர்பானங்களுக்கு 50 விழுக்காடும் ஆற்றல் பானங்களுக்கு 100 விழுக்காடும் கலால் வரி விதித்து, 2019 டிசம்பரில் இனிப்பூட்டிய மற்றப் பானங்களுக்கும் 50 விழுக்காட்டை நீட்டித்தது. மெஸ்ஸிலிருந்து வரும் சோற்று டப்பாவை அந்த வரி தொடுவதில்லை. முகாமுக்கு உணவு வழங்கும் ஒப்பந்தங்களில் ஆளுக்கு எத்தனை திர்ஹம், எத்தனை வேளை என்பவை தெளிவாக எழுதப்படும்போது, அரிசி எந்த வகை, பருப்பு எத்தனை கிராம், காய் எத்தனை கிராம் என்பவையும் அதே தாளில் ஏறுவதற்குத் தொழில்நுட்பத் தடை ஏதும் இல்லை. அப்படி ஏறினால், தான் உண்பதைத் தானே தேர்ந்தெடுக்க வாய்ப்பில்லாத தொழிலாளிக்கு அந்த ஒப்பந்த வாசகங்கள் எந்த அறிவுரையைவிடவும் கூடுதலாகப் பயன்படும்.