ஆள்களக் கட்டுப்பாட்டு வழங்கியின் எச்சப் பதிவுகளை நீக்குதல்

ஆள்களக் கட்டுப்பாட்டு வழங்கியின் எச்சப் பதிவுகளை நீக்குதல் என்பது மைக்ரோசாப்ட் ஆக்டிவ் டைரக்டரி அடைவுச் சேவையில் கட்டுப்பாட்டு வழங்கியாக இயங்கிய கணினி ஒன்றை வேறு பணிக்கு மாற்றும்போது, அதன் பழைய பொறுப்பைக் குறிக்கும் தரவுகளை வலையமைப்பிலிருந்து களையும் செயன்முறை ஆகும். இவ்வெச்சங்கள் இரண்டு இடங்களில் தங்கும்: ஒன்று அக்கணினியின் வன்தட்டு, மற்றையது ஆள்களத்தில் எஞ்சியுள்ள ஏனைய கட்டுப்பாட்டு வழங்கிகளின் தரவுத்தளம். கணினியில் இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுவது முதலாவதை மட்டுமே நீக்கும்.

பின்னணி

ஆக்டிவ் டைரக்டரி விண்டோஸ் 2000 சேர்வருடன் அறிமுகமானது. இதில் பயனர் கணக்குகள், கணினிகள், குழுக்கள் ஆகியவற்றின் விபரங்கள் ஒரே தரவுத்தளத்தில் சேமிக்கப்படுகின்றன. ஆள்களத்தின் ஒவ்வொரு கட்டுப்பாட்டு வழங்கியும் இத்தரவுத்தளத்தின் பிரதியொன்றை வைத்திருக்கும். ஒன்றில் செய்யப்படும் மாற்றம் நகலாக்கம் மூலம் மற்றவற்றைச் சென்றடையும். இதன்பொருட்டு ஒவ்வொரு வழங்கியைப் பற்றிய மீதரவும் அடைவிலேயே பதியப்பட்டிருக்கும். பயனர் கணினிகள் கட்டுப்பாட்டு வழங்கியைக் கண்டறிய உதவும் பதிவுகள் டிஎன்எஸ் சேவையில் இருக்கும்.

எச்சங்களால் ஏற்படும் சிக்கல்கள்

முறைப்படி விலக்கப்படாத வழங்கி இன்னமும் இயங்குவதாகவே ஏனைய வழங்கிகள் கருதும். அதனுடன் நகலாக்கம் செய்ய முயன்று தோல்வியுற்று, நிகழ்வுக் குறிப்பேட்டில் வழுக்களைப் பதியும். பழைய டிஎன்எஸ் பதிவுகளைப் பின்பற்றும் கணினிகளில் புகுபதிகை தாமதமாகலாம். அதே ஐபி முகவரியில் கோப்பு வழங்கி போன்ற வேறொரு வழங்கி இயங்கினால், புகுபதிகைக் கோரிக்கைகள் அவற்றிற்கு விடையளிக்க இயலாத கணினியைச் சென்றடையும்.

ஆக்டிவ் டைரக்டரியில் ஒரு நேரத்தில் ஒரு வழங்கி மட்டுமே ஏற்கக்கூடிய 5 சிறப்புப் பொறுப்புகள் உள்ளன. அகற்றப்பட்ட வழங்கியிடம் இவற்றுள் ஏதேனும் இருந்தால் அப்பணி தடைப்படும். சில பொறுப்புகளின் இழப்பு உடனே வெளித்தெரியாது. எடுத்துக்காட்டாக, புதிய கணக்குகளுக்கான அடையாள எண்களைத் தொகுதிகளாகப் பிரித்தளிக்கும் பொறுப்பு இல்லாதபோது, ஏனைய வழங்கிகள் தம்மிடமுள்ள எண்கள் தீரும்வரை வழமைபோலவே இயங்கும். அதன் பின்னரே புதிய கணக்குகளை உருவாக்க இயலாமற் போகும்.

முறையான விலக்கல்

விலக்குவதற்கு முன்னர் சிறப்புப் பொறுப்புகளை வேறொரு வழங்கிக்கு மாற்றுதல், உலகளாவிய பட்டியலை வைத்திருக்கும் மற்றொரு வழங்கி உண்டெனச் சரிபார்த்தல், இவ்வழங்கியை டிஎன்எஸ் வழங்கியாகப் பயன்படுத்தும் கணினிகளின் அமைப்புகளை மாற்றுதல் ஆகியவை அவசியம். பின்னர் விண்டோஸ் சேர்வர் 2008 ஆர்2 வரையான பதிப்புகளில் டிசிபுரோமோ கட்டளையினாலும், விண்டோஸ் சேர்வர் 2012 முதல் சேர்வர் மனேஜர் அல்லது பவர்செல் மூலமாகவும் விலக்கலாம். இதன்போது நகலாக்கப்படாத மாற்றங்கள் ஏனைய வழங்கிகளுக்கு அனுப்பப்பட்டு, கணினி ஆள்களத்தின் சாதாரண உறுப்பினராகும். ஆள்களத்துடனான தொடர்பு முற்றாகத் தேவையில்லையெனில் அதனைப் பணிக்குழுவிற்கு மாற்றவேண்டும். தளங்கள் மற்றும் சேவைகள் கருவியில் வழங்கியின் பெயர் எஞ்சியிருப்பின் கைமுறையாக நீக்கவேண்டும்.

மீதரவைத் துப்புரவாக்கல்

ஏனைய வழங்கிகளுடன் தொடர்புகொள்ள இயலாத நிலையில் வழங்கியை வலிந்து விலக்கலாம். இம்முறையில் கணினி மட்டுமே விடுபடும். ஏனைய வழங்கிகளிலுள்ள மீதரவு அப்படியே இருக்கும். கணினி பழுதடைந்தாலோ நேரடியாக அழிக்கப்பட்டிருந்தாலோ நிலைமை இதுவே. அப்போது இயங்கும் வழங்கியொன்றிலிருந்து பின்வருவனவற்றைச் செய்யவேண்டும்:

1. அடைவின் காப்புப் பிரதியொன்றை எடுத்தல்.
2. இழந்த வழங்கியிடமிருந்த சிறப்புப் பொறுப்புகளைக் கைப்பற்றுதல்.
3. என்டிடிஎஸ்யூட்டில் கருவியின் மீதரவுத் துப்புரவுப் பகுதியில் ஆள்களம், தளம், வழங்கி ஆகியவற்றைத் தெரிவுசெய்து வழங்கியை நீக்குதல். விண்டோஸ் சேர்வர் 2008 முதல், பயனர்கள் மற்றும் கணினிகள் கருவியில் அவ்வழங்கியின் கணினிக் கணக்கை அழித்தாலே மீதரவும் நீங்கும்.
4. டிஎன்எஸ்ஸில் அவ்வழங்கியைச் சுட்டும் பதிவுகள் அனைத்தையும் நீக்குதல்.
5. ரெப்அட்மின், டிசிடயாக் கருவிகளால் நகலாக்கத்தைச் சோதித்தல்.

எச்சரிக்கைகள்

பொறுப்புகள் கைப்பற்றப்பட்ட பின்னர் பழைய வழங்கியை அதே நிலையில் மீண்டும் வலையமைப்பில் இணைக்கக்கூடாது. அடையாள எண்களைப் பிரித்தளிக்கும் இரு வழங்கிகள் இயங்கினால் வெவ்வேறு கணக்குகளுக்கு ஒரே எண் வழங்கப்படலாம்.

அழிக்கப்பட்ட கணக்கு பற்றிய குறிப்பு அடைவில் குறிப்பிட்ட காலமே பேணப்படும். இது விண்டோஸ் 2000இல் இயல்பாக 60 நாட்கள். பின்னைய பதிப்புகள் பெரும்பாலானவற்றில் 180 நாட்கள். இக்காலத்தைவிடக் கூடுதலாக அணைத்து வைக்கப்பட்டிருந்த வழங்கி அழித்தல் பற்றி அறியாது. அதனை மீள இணைத்தால், பணிவிலகிய ஒருவரின் அழிக்கப்பட்ட கணக்கு அடைவில் மீண்டும் தோன்றக்கூடும்.

வன்தட்டிலுள்ள தரவுத்தளத்தில் ஆள்களப் பயனர்கள் அனைவரதும் கடவுச்சொற்களின் மறையீட்டு வடிவங்கள் அடங்கியுள்ளன. எனவே கணினியை வேறெவரிடமும் கையளிக்கும் முன்னர் வன்தட்டை மீட்கவியலாதவாறு அழிப்பது பாதுகாப்பானது.