உணவு மேசையில் ஒலிக்கும் குறைகள்

மதிய வேளையில் உணவு டப்பாக்கள் திறக்கும்போதே அலுவலகக் குறைகளும் திறந்துகொள்கின்றன. மேலாளரின் கடுஞ்சொல், கிடைக்காத விடுப்பு, தள்ளிப்போகும் பதவி உயர்வு என எந்த ஊர் அலுவலகமானாலும் பேச்சு இவற்றையே சுற்றி வரும். குறை சொல்பவரை நாம் எளிதில் எடைபோட்டுவிடுகிறோம். அவருக்கு நாம் என்ன மறுமொழி தருகிறோம் என்பதை அத்துணை எளிதில் எண்ணிப் பார்ப்பதில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் நாங்கள் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவு நண்பர் ஒருவருக்கு மாலை நேரப் பணி அடிக்கடி விழுந்தது. வீட்டில் நோயுற்ற தாயார். நாள்தோறும் உணவு மேசையில் இதைச் சொல்லிப் புலம்புவார். "இதெல்லாம் எங்கே இல்லை?" என்பார் ஒருவர். மற்றொருவர் தம் குறை அதைவிடப் பெரிது என்று தொடங்குவார். நாங்களோ மேலாளரைப் போலப் பேசிக்காட்டிச் சிரிக்க வைப்போம். சிரிப்போடு மேசை கலையும். அவருடைய பணிநேரம் மட்டும் மாறாது.

ஒரு நாள் அவர் விண்ணப்பம் ஒன்றை எழுதிக் கொண்டுவந்து, யாரேனும் உடன் கையொப்பமிடுவீர்களா என்று கேட்டார். அதுவரை உரக்கப் பேசியவர்களுக்குப் பேனா கிடைக்கவில்லை. எங்களுக்கும்தான், இதை எழுதும்போது இன்றும் கூசுகிறது. எங்களுள் மூத்தவரான ஓர் அம்மையார் மட்டும் அதை வாங்கிப் படித்தார். "எப்போதும் எனக்கே என்று எழுதாதீர்கள் தம்பி, எந்தெந்தத் தேதி என்று எழுதுங்கள்" என்றவர், பணிப் பட்டியலை எடுத்துவைத்து உடன் அமர்ந்து எண்ணினார். இரண்டு மாதங்களில் அவருக்கு 19 மாலைகள். மற்றவர் எவருக்கும் 8க்கு மேல் இல்லை. அதைக் கண்ட பிறகே நாங்கள் கையொப்பமிட்டோம். பட்டியல் மாறியது. மேலாளர் சில வாரங்கள் எங்களிடம் முகங்கொடுத்துப் பேசவில்லை.

இத்தகைய முறையீட்டுக்குச் சட்டத்திலும் இடமுண்டு. 20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள தொழில் நிறுவனங்களில் குறைதீர்க்கும் குழு இருக்க வேண்டும். நிர்வாகத்தினரும் தொழிலாளரும் அதில் சம எண்ணிக்கையில் இடம்பெறுவர். 2010இல் தொழில் தகராறுகள் சட்டத்தில் சேர்க்கப்பட்ட இவ்வேற்பாடு, 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் உள்ளது. பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் துன்புறுத்தலுக்கு வழி வேறு. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த உள்ளகக் குழுவிடம் பொதுவாக 3 மாதங்களுக்குள் எழுத்து மூலம் புகார் அளிக்க வேண்டும். அதை உணவு மேசைப் பேச்சாக்குதல் தகாது. புகார் அளித்தவரின் அடையாளத்தை வெளியிடுவதைச் சட்டமே தடுக்கிறது.

"எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வாருங்கள்" என்று தூண்டும் தோழர்களும் உண்டு. நிரந்தரப் பணியாளர் விலகும்போது பணிக்கொடை பெறப் பொதுவாக 5 ஆண்டுத் தொடர்பணி வேண்டும். ஆண்டொன்றுக்கு 15 நாள் ஊதியம் என்பது கணக்கு. ஓராண்டு குறைந்திருந்த நிலையில் சினத்தில் விலகி, அத்தொகையை இழந்த ஒருவரை நாம் அறிவோம். தூண்டியவர்கள் மறுநாளும் அதே மேசையில் உணவருந்தினர்.