ஏழைக்கும் எட்டும் பொழுதுபோக்கு: செம்புக் காசு சேகரிப்பு

தங்கக் காசு சேர்க்கப் பணம் வேண்டும். வெள்ளி ரூபாய் சேர்க்கவும் பணம் வேண்டும். செம்புக் காசு சேர்க்கப் பொறுமையும் ஒரு பூதக்கண்ணாடியும் இருந்தால் போதும்!

மும்பை சோர் பஜாரில் பழைய பூட்டு, கடிகாரம், பித்தளைச் சாமான்களுக்கு நடுவே செம்புக் காசுகளும் கிடைக்கின்றன. தேய்ந்துபோன காலணா ஒன்றைச் சில பத்து ரூபாய்க்கு வாங்கி விடலாம். ஊருக்குப் பணம் அனுப்பியது போக மிச்சம் பிடிக்கும் தொழிலாளிக்கும் இது கட்டுப்படியாகும்.

கூலிக்காரர் மடியில் இருந்த காசு

தங்கமும் வெள்ளியும் அரசர்கள், வியாபாரிகள் கையில் புரண்டவை. உப்பு, புளி, வெற்றிலை வாங்கிய காசு செம்புதான். அதனால்தான் அது தமிழ்ப் பேச்சில் இன்னும் செல்லுபடி ஆகிறது. "காலணா பெறாது", "ஒரு தம்பிடி தரமாட்டேன்" என்கிறோம். ஒரு ரூபாய்க்கு 16 அணா, அல்லது 64 காலணா, அல்லது 192 தம்பிடி என்பது அந்தக் காலத்துக் கணக்கு.

"துட்டு" என்ற சொல்லும் ஒரு செம்புக் காசின் பெயரே. 1658 முதல் 1781 வரை நாகப்பட்டினத்தைத் தங்கள் வசம் வைத்திருந்த டச்சுக்காரர்களின் "டுயிட்" என்ற காசுதான் நம் வாயில் துட்டு ஆயிற்று.

எதில் தொடங்குவது?

புதிதாகத் தொடங்குகிறவர்கள் கிழக்கிந்தியக் கம்பெனியின் 1835-ம் ஆண்டுக் காலணாவில் தொடங்கலாம். இந்தியாவிலிருந்த கம்பெனிப் பகுதிகள் முழுவதற்கும் ஒரே மாதிரி நாணயம் வந்தது அந்த ஆண்டில்தான். காலணாவின் எடை சுமார் ஆறரை கிராம்.

அடுத்து விக்டோரியா காலணா. 1862 முதல் "ராணி" என்றும், 1877 முதல் "சக்கரவர்த்தினி" என்றும் அதில் பொறித்தார்கள். 1906-ல் காலணா செம்பிலிருந்து வெண்கலத்துக்கு மாறியது. எடையும் சுமார் 5 கிராமாகக் குறைந்தது. வெண்கலத்திலும் பெரும்பகுதி செம்புதான்.

ஓட்டைக் காலணாவை முதியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இரண்டாவது உலகப் போரின்போது உலோகத்தை மிச்சப்படுத்துவதற்காக 1943-ல் நடுவில் ஓட்டை போட்டு வெளியிட்டார்கள். 1947 வரை வந்தது. அதைக் குழந்தைகளின் அரைஞாண் கயிற்றில் கோத்துக் கட்டியவர்களும் உண்டு.

குடியரசான பிறகு, 1950-ல் குதிரை உருவத்துடன் பைசா வந்தது. 1957 ஏப்ரல் 1-ந் தேதி தசம நாணய முறை அமலுக்கு வந்து, ஒன்றரை கிராம் எடையில் "நயா பைசா" பிறந்தது. ஆண்டுக்குக் கீழே சிறிய வைர வடிவக் குறி இருந்தால் அது பம்பாய் நாணயச் சாலையில் அடித்தது. 1965-ல் பைசா அலுமினியம் ஆகிவிட்டது.

இன்னும் பின்னோக்கிப் போக விரும்புகிறவர்களுக்கு ராஜராஜ சோழனின் செம்புக் காசு இருக்கிறது. ஒருபக்கம் நிற்கும் உருவம். மறுபக்கம் அமர்ந்த உருவமும், நாகரி எழுத்தில் "ஸ்ரீ ராஜராஜ" என்ற பெயரும். ஆயிரம் ஆண்டுப் பழமை என்றாலும் ஏராளமாகக் கிடைத்திருப்பதால் விலை அதிகம் இல்லை.

கடலில் மூழ்கிய காசு

1808-ல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில், சென்னை ராஜதானிக்காகப் பத்துக் காசு, இருபது காசு நாணயங்களை அடித்தார்கள். அவற்றில் ஆங்கிலத்தில் "கேஷ்" என்று பொறித்தது நம் "காசு" என்ற சொல்லைத்தான். அவற்றை ஏற்றி வந்த "அட்மிரல் கார்டனர்" கப்பல் 1809 ஜனவரியில் புயலில் சிக்கி, இங்கிலாந்துக் கரையை அடுத்த மணல் திட்டில் மோதி மூழ்கியது. 1980-களில் முக்குளிப்போர் லட்சக்கணக்கான காசுகளை வெளியே எடுத்தார்கள். தமிழ்நாட்டுச் சந்தைக்கு வரவேண்டிய காசுகள் சுமார் 175 ஆண்டுகள் கடலடியில் கிடந்திருக்கின்றன!

புளி போட்டுத் தேய்க்காதீர்கள்!

குத்துவிளக்கு போலப் பளபளக்க வேண்டும் என்று புளி, எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தால் காசின் மேற்பரப்பு அரித்துப் போகும், மதிப்பும் போய்விடும். பழுப்பு நிறம்தான் காசுக்கு அழகு, காப்பும்கூட. சுத்தமான தண்ணீரில் ஊறவைத்து, மெல்லிய பிரஷ்ஷால் மண்ணை நீக்கி, நன்றாக உலர்த்தித் தனித்தனிக் காகித உறையில் வைக்க வேண்டும். விளிம்பைப் பிடித்தே எடுக்க வேண்டும். விரல் ஈரம் செம்பைக் கறுக்கச் செய்யும்.

ஏமாற வேண்டாம்

ராமர் பட்டாபிஷேகம் அல்லது அனுமன் உருவத்துடன், "கிழக்கிந்தியக் கம்பெனி 1818" என்று பொறித்த காசுகளை விற்கிறார்கள். கம்பெனி அப்படி ஒரு காசை வெளியிட்டதே இல்லை.

அதைவிட ஆபத்தானது "அரிசியை இழுக்கும் செம்புக் காசு". அதில் அபூர்வ சக்தி இருக்கிறது, கோடிக்கு விலை போகும் என்று சொல்லிப் பல லட்சங்களைப் பறித்துவிடுகிறார்கள். அரிசியில் இரும்புத் தூளைக் கலந்து, காந்தத்தை மறைத்து வைத்துச் செய்யும் வித்தை அது. இதில் வாழ்நாள் சேமிப்பை இழந்தவர்கள் தமிழ்நாட்டில் பலர்.

பழைய காசை லட்சத்துக்கு வாங்கிக்கொள்கிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள் என்று வரும் அழைப்புகளும் மோசடியே. பழைய நாணயம் வாங்கவோ விற்கவோ தங்கள் பெயரில் யாருக்கும் அதிகாரம் கொடுக்கவில்லை என்று ரிசர்வ் வங்கி 2021-ல் எச்சரித்தது.

சட்டமும் உண்டு. 100 ஆண்டுக்கு மேற்பட்ட காசுகள் 1972-ம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லக் கூடாது. ஊரில் நிலம் தோண்டும்போது காசுப் புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்.

செம்புக் காசு யாரையும் பணக்காரர் ஆக்காது. அந்த எண்ணத்துடன் இறங்குகிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள். தாத்தா கூலியாக வாங்கிய காசு எப்படி இருந்தது என்று பேரப்பிள்ளைக்கு எடுத்துக் காட்டலாம்; அதுதான் இதில் லாபம்.

வாங்குவதற்கு முன்பு அசல் காசுகளைப் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொள்வது நல்லது. அதற்கு மும்பை கோட்டைப் பகுதியில் ரிசர்வ் வங்கியின் நாணய அருங்காட்சியகம் இருக்கிறது. 2004-ல் ஜனாதிபதி அப்துல் கலாம் திறந்து வைத்தது. சி.எஸ்.எம்.டி. ரெயில் நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம்.