கணினி அறிவும் கைம்மாறு கருதாத் தொண்டும்



கூட்டுப்பணி என்பது நமக்குப் புதிதன்று. கோயில் திருவிழாவுக்குப் பந்தல் கட்டவும், பள்ளி வளாகத்துப் புல்லை வெட்டவும், அடைமழையில் தூர்ந்துபோன வடிகாலைச் சீர்செய்யவும் நம் தோட்டத்து மக்கள் கூலி கேளாது ஒன்றுகூடுகின்றனர். நாட்டு மக்கள் அனைவரும் ‘கோத்தோங் ரோயோங்’ என வழங்கும் இத்தொண்டு கையால் ஆற்றப்படுவது. கற்ற தொழில்நுட்ப அறிவால் ஆற்றப்படும் தொண்டும் ஒன்று உண்டு. கணினி கற்றோர் தம் ஓய்வு நேரத்தை, இலாபம் கருதாத அறநிறுவனங்களுக்கு ஊதியமின்றி அளிப்பதே அதுவாகும். அது நடைபெறும் முறையையும் அதன் பயனையும் இக்கட்டுரையில் விளக்க முற்படுகின்றோம்.

2004ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 26ஆம் நாள் சுமத்திராவை அடுத்த கடலடியில் பெரும் நிலநடுக்கம் நேர்ந்தது. அதனால் எழுந்த ஆழிப்பேரலை இந்தியப் பெருங்கடலைச் சூழ்ந்த பல நாடுகளைத் தாக்கியது. நம் நாட்டிலும் பினாங்கு, கெடா கரையோரங்களில் உயிர்கள் பறிபோயின. இலங்கையில் மட்டும் 30,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். மட்டக்களப்பு, அம்பாறை, முல்லைத்தீவு, திருகோணமலை, காலி முதலிய கரையோர மாவட்டங்களில் இலட்சக்கணக்கானோர் வீடிழந்து முகாம்களில் தஞ்சம் புகுந்தனர்.

உலகெங்கிலுமிருந்து உதவிகள் வந்து குவிந்தன. அரிசி வந்தது, மருந்து வந்தது, கூடாரங்கள் வந்தன, எண்ணற்ற தொண்டு நிறுவனங்களும் வந்தன. ஆயினும், எந்த முகாமில் எத்துணைப் பேர் உள்ளனர், எங்கே குடிநீர் இல்லை, எந்த ஊருக்கு எந்த நிறுவனம் சென்றுள்ளது, காணாமற்போன பிள்ளை வேறொரு முகாமில் உயிரோடு உள்ளதா என்னும் வினாக்களுக்கு உடனே விடை கூறுவார் இலர். ஒவ்வொரு குழுவும் தனக்கெனத் தனிக் குறிப்பேடு வைத்திருந்தது. ஒருவர் குறிப்பை மற்றவர் அறியார்.

இதன் தீங்கைத் தோட்டத்து மக்களுக்கு எளிதில் விளக்கலாம். பெரட்டுக் களத்தில் கிராணியார் ஒரே பேரேட்டை வைத்துப் பெயர் அழைப்பதை நம் முதியோர் நன்கறிவர். ஒரே தோட்டத்திற்கு ஐந்து கிராணிமார் இருந்து, ஐவரும் ஐந்து பேரேடுகளைத் தனித்தனியே எழுதி, ஒருவருக்கொருவர் காட்டாமல் அரிசி பங்கிட்டால் என்ன நேரும்? ஒரு லயத்திற்கு இருமுறை அரிசி கிட்டும். அடுத்த லயம் பட்டினி கிடக்கும். பொருள் இருந்தும் பசி தீராது. பேரிடர்க் காலத்தில் நேரும் குழப்பமும் இத்தகையதே.

இக்குறையைப் போக்க இலங்கையின் கணினித் துறை இளைஞர்கள் முன்வந்தனர். பல நிறுவனங்களில் பணியாற்றிய அவர்கள், லங்கா மென்பொருள் அறக்கட்டளையின் துணையோடு ஒன்றுகூடி, இரவு பகல் பாராது உழைத்து, ‘சஹானா’ என்னும் மென்பொருளை உருவாக்கினர். சிங்கள மொழியில் அச்சொல்லுக்குத் துயர்தணிப்பு என்பது பொருள். காணாமற்போனோர் பதிவு, முகாம்களின் பதிவு, உதவும் நிறுவனங்களின் பதிவு, தேவைப்படும் பொருள்களின் பதிவு ஆகியவை அதில் அடங்கியிருந்தன. ஐந்து பேரேடுகளை ஒரே பேரேடாக்கி, உரியவர் அனைவரும் ஒரே வேளையில் காணுமாறு செய்ததே அதன் சிறப்பு.

அவர்கள் அதனை விலைக்கு விற்றாரல்லர். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம், மேம்படுத்தலாம் என உலகுக்கு வழங்கிவிட்டனர். ஆதலின், 2005இல் பாகித்தானிலும், 2006இல் பிலிப்பீன்சிலும் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவிலும் இடர்கள் நேர்ந்தபோது அம்மென்பொருள் துணைக்கு வந்தது. 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு வழங்கியது. ஒரு தீவின் கண்ணீரைத் துடைக்கச் செய்த கருவி, பிற நாடுகளின் கண்ணீரையும் துடைத்தது.

இத்தகு தொண்டிற்குத் தொலைவும் தடையன்று. 2010ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள் எயிட்டி நாட்டில் நிலநடுக்கம் நேர்ந்தபோது, தலைநகரான போர்ட்டோ பிரின்சின் தெருக்களைக் காட்டும் நல்ல வரைபடம் மீட்புப் பணியாளர்க்குக் கிட்டவில்லை. ‘ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்’ என்னும் பொது வரைபடத் திட்டத்தின் தொண்டர்கள், தத்தம் நாடுகளில் தத்தம் வீடுகளில் அமர்ந்தவாறே, வானிலிருந்து எடுத்த படங்களைக் கணினித் திரையில் பார்த்துத் தெருக்களையும் கட்டடங்களையும் கோடிட்டு வரைந்தனர். சில நாட்களில் அவ்வரைபடம் மீட்புப் பணியாளரின் கைகளுக்குச் சென்று சேர்ந்தது. ஒருவர் ஒரு தெருவை வரைந்தார். மற்றொருவர் அடுத்த தெருவை வரைந்தார். சிறு துளி பெரு வெள்ளம் என்னும் முதுமொழிக்கு இதனினும் சான்று வேண்டுமோ?

எனினும், தொழில்நுட்பத் தொண்டு செய்வோர் மறவாது போற்ற வேண்டியவை மூன்று உள. முதலாவது, தேவையைக் கேட்டறிந்து உதவுதல். கேளாமல் கொடுத்த கணினி மூலையில் தூசு படியும், அது தொண்டாகாது. இரண்டாவது, கற்பித்துவிட்டு நீங்குதல். தொண்டர் இன்று வருவார். நாளை வேலை தேடி வெளியூர் செல்வார். அவர் சென்ற பின்னரும் சங்கத்தார் தாமே இயக்கத் தெரிந்திருந்தால்தான் உதவி நிலைக்கும். மூன்றாவது, நம்பிக்கையைக் காத்தல். பெற்றோரை இழந்த குழந்தையின் பெயரும் இருப்பிடமும் தீயோர் கையில் சிக்கினால் பெருங்கேடு விளையும். பிறருடைய அடையாள எண்ணையும் வீட்டு முகவரியையும் பூட்டிய பெட்டியின் பொன்போல் காத்தல் வேண்டும்.

இவை வெளிநாட்டுச் செய்திகள்தாமே என்று எவரும் எண்ணற்க. பெற்றோர் ஆசிரியர் சங்கம், கோயில் நிர்வாகக் குழு, இளைஞர் மன்றம், மரண சகாய நிதி ஆகியவையும் இலாபம் கருதாத அமைப்புகளே. இவற்றுள் சங்கப் பதிவதிகாரியிடம் பதிவு பெற்றவை, ஆண்டுக் கூட்டத்திற்குப் பின் தம் ஆண்டறிக்கையை அவர் அலுவலகத்திற்கு இணையத்தின் வழி அனுப்புதல் வேண்டும். அனுப்பத் தவறும் சங்கத்தின் பதிவு நீக்கப்படவும் கூடும். முப்பது ஆண்டுகள் செம்மையாகக் கணக்கெழுதிய முதிய செயலாளர் ஒருவர், கணினி அறியாத ஒரே காரணத்தால் சங்கத்தை இழத்தல் தகுமோ?

தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் பல ஊர்களுக்குப் பிரியும் காலம் இது. கரையான் தின்ற பேரேட்டோடு உறுப்பினர் பெயரும் அவர் கட்டிய சந்தாவும் மறைந்துவிடின், ஓர் ஏழைக் குடும்பத்தின் உரிமையே மறைந்துவிடும். ஆகவே, உயர்கல்வி பயிலும் நம் முன்னாள் மாணவர்களை அன்புடன் வேண்டுகின்றோம். விடுமுறைக்கு வீடு திரும்பும்போது ஒரு பிற்பகலை உங்கள் தோட்டத்துச் சங்கத்திற்கு ஈயுங்கள். பேரேட்டைக் கணினியில் ஏற்றி, படியொன்றை வேறிடத்தில் சேமித்து வையுங்கள். பின்பு செயலாளரின் அருகமர்ந்து பொறுமையாகக் கற்றுக்கொடுங்கள்.

இளம் மாணவர்களே, நீங்களும் காத்திருக்க வேண்டுவதில்லை. கைத்தொலைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கத் தெரியாத தாத்தாவுக்கு அதைச் செய்து காட்டுதலும் இத்தொண்டின் முதற்படியே. பெற்றோர்களே, பிள்ளைகள் கற்கும் கணினிக் கல்வி நல்ல சம்பளத்திற்கு வழி என்று மகிழ்கின்றீர்கள், அம்மகிழ்ச்சி நியாயமே. அதனோடு, அக்கல்வி பிறர் துன்பம் துடைக்கவும் வல்லது என்பதையும் அவர்களுக்கு உணர்த்துவீர்களாக. மண்வெட்டி பிடித்த கைகள் தோட்டத்தைக் காத்தன. விசைப்பலகை தொடும் கைகள் நம் சமூகத்தைக் காக்கட்டும்.