பெரிய கேபிளுக்கு எந்த லக்?

ஜவுளிக்கடை, கல்யாண மண்டபம், மருத்துவமனை என்று பெரிய கட்டடம் எழுப்புகிறவர்கள் மெயின் கேபிள் வாங்க நாலு கடை ஏறி இறங்குவார்கள். எந்த கம்பெனி, எத்தனை ஸ்கொயர் எம்எம், மீட்டர் என்ன விலை என்று துருவித் துருவிக் கேட்பார்கள். அந்தக் கேபிளின் நுனியில் மாட்டும் லக்கைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. கையில் இருப்பதைப் போட்டு நசுக்கி, போல்ட் முடுக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். மெயின் பேனலில் சூடு கிளம்புவது பெரும்பாலும் அந்த நுனியில்தான்.

ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கட்டடத்தில் 500 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. 433 வோல்ட் பக்கத்தில் முழு லோடில் ஃபேஸ் ஒன்றுக்குச் சுமார் 667 ஆம்பியர் ஓடும். 300 ஸ்கொயர் எம்எம் அலுமினியக் கேபிளை இரண்டு ரன் இழுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொன்றிலும் 333 ஆம்பியர். (தரைக்குள் போகும் விதத்தையும் வெப்பத்தையும் பொறுத்து மூன்று ரன்கூடத் தேவைப்படலாம்.) அந்த அளவு அலுமினியத்தின் மின்தடை கிலோமீட்டருக்கு 0.1 ஓம். ஆக, கேபிளின் ஒவ்வொரு ஃபேஸ் கம்பியும் மீட்டருக்கு 11 வாட் சூட்டை வெளிவிடும். ஒரு மீட்டர் நீளத்தில் பரவுவதால் அது பெரிய விஷயமில்லை. இப்போது லக் சரியாக நசுக்கப்படாமல் அந்த இடத்தில் மட்டும் ஒரு மில்லி ஓம் தடை வந்துவிட்டது என்று வையுங்கள். அங்கே 111 வாட். விரலளவு இடத்தில் நாலு சால்டரிங் அயர்னைச் சேர்த்து வைத்தது மாதிரி. கேபிளின் எக்ஸ்எல்பிஇ உறை தொடர்ந்து தாங்கக்கூடியது 90 டிகிரி. பிவிசி என்றால் 70 டிகிரிதான்.

அலுமினியத்தை உரித்தவுடனேயே காற்று பட்டு அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் உட்கார்ந்துவிடும். அது மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, தாமதிக்காமல் ஜாயின்டிங் காம்பவுண்ட் தடவி, உடனே லக்கில் நுழைத்து நசுக்க வேண்டும். காலையில் எல்லா நுனியையும் உரித்துவைத்து மதியம் கிரிம்ப் செய்வது கூடாது.

அலுமினியக் கேபிளுக்கு அலுமினிய லக், இது அடிப்படை. அதற்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 8309. லக் போய் உட்காரும் எம்சிசிபி (பிரேக்கர்) டெர்மினலோ பஸ்பாரோ தாமிரம் என்றால்தான் சிக்கல். தாமிரமும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் ஈரம் சேர்ந்தால் அலுமினியம் அரித்துப்போகும். சூடேறும்போது இரண்டும் விரிவதும் ஒரே அளவில் இல்லை. அலுமினியம் கூடுதலாக விரியும். இதற்காகவே பைமெட்டாலிக் லக் இருக்கிறது. கேபிள் நுழையும் குழாய் அலுமினியம், போல்ட் உட்காரும் தட்டை தாமிரம், இரண்டையும் தொழிற்சாலையிலேயே பற்றவைத்திருப்பார்கள். ஈரம் அண்டாத உள்கூடத்துப் பேனல் என்றால் வெள்ளீயம் பூசிய அலுமினிய லக்கும், வெள்ளீயம் பூசிய டெர்மினலும் போதும். கடற்கரை ஊர், மொட்டைமாடி, மழைச்சாரல் அடிக்கும் அறை என்றால் நான் யோசிக்காமல் பைமெட்டாலிக்கையே சொல்வேன். தாமிர லக்கை அலுமினியக் கேபிளில் நேரடியாக மாட்டுவது எங்கேயும் வேண்டாம்.

அடுத்தது உருவம். மூன்றரை கோர் அலுமினியக் கேபிளின் உள்ளே இருக்கும் கோர் பெரும்பாலும் உருண்டையாக இராது. உள்ளே நெருக்கி அடுக்குவதற்காக முக்கோணத் துண்டம் போல அமைத்திருப்பார்கள். லக்கின் குழாயோ வட்டம். முதலில் வட்டமாக்கும் டை போட்டு அமுக்கி, பிறகுதான் லக்கை மாட்ட வேண்டும். அந்த டை இல்லாத இடத்தில் நடப்பதைப் பார்த்தால் மனசு பதறும்: லக் நுழையவில்லை என்று ஓரத்து இழைகளை வெட்டி எறிவார்கள். நீங்கள் 300 ஸ்கொயர் எம்எம்முக்குக் காசு கொடுத்துவிட்டு, நுனியில் அதைவிடச் சின்ன கேபிளை வைத்துக்கொள்கிறீர்கள்.

லக், கோர், டை மூன்றும் ஒரு செட். லக்கின்மேல் பொறித்த அளவும் ஹைட்ராலிக் கிரிம்பிங் கருவியில் மாட்டிய டையின் எண்ணும் ஒத்துப்போக வேண்டும். எத்தனை அமுக்கு என்று லக் தயாரிப்பாளர் சொன்னதைவிடக் குறைக்கக் கூடாது. தட்டைக்கு அருகில் தொடங்கி கேபிள் பக்கமாக வருவதுதான் முறை. கருவி இல்லாத இடத்துக்கு, திருகு தலை ஒரு குறிப்பிட்ட முறுக்கில் தானே உடைந்துவிடும் வகை மெக்கானிக்கல் கனெக்டர்கள் உண்டு. விலை கூடுதல்தான். ஆனால் கை பழகாத ஆள் செய்தாலும் அழுத்தம் ஒன்றாக இருக்கும்.

எம்சிசிபியின் டெர்மினல்கள் நெருக்கமாக இருக்கும். 300 ஸ்கொயர் எம்எம் லக்கின் தட்டையோ அகலம். பக்கங்களை ராவிக் குறுக்குகிறவர்கள் உண்டு. ஃபேஸுக்கு ஃபேஸ் இடைவெளியும் போய், நடுவில் போட வேண்டிய தடுப்பும் நுழையாமல் போய்விடும். டெர்மினல்களை அகட்டித் தரும் ஸ்பிரெடரை அந்த பிரேக்கர் கம்பெனியே விற்கிறது. ஆர்டர் போடும்போதே கேட்டு வாங்குங்கள்.

போல்ட்டை டார்க் ரெஞ்ச் வைத்து, பிரேக்கரோடு வரும் தாளில் உள்ள அளவுக்கு முடுக்க வேண்டும். அலுமினியத்தில் அதிக முறுக்கும் கேடுதான். உலோகம் பிதுங்கி, நாளாவட்டத்தில் பிடி தளரும். சாதாரண ஸ்பிரிங் வாஷரைவிட கிண்ணம் போல வளைந்த பெல்வில் வாஷர் நல்லது. சூட்டில் விரிந்து சுருங்கும்போதும் அது அழுத்தத்தை விடாது.

ஒற்றை கோர் கேபிள் போட்டவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. மூன்று ஃபேஸும் இரும்புத் தகட்டில் தனித்தனித் துளை வழியே நுழைந்தால், துளையைச் சுற்றியுள்ள இரும்பில் மின்னோட்டம் தூண்டப்பட்டுத் தகடே கொதிக்கும். கேபிள் நுழையும் அந்த கிளாண்ட் தகடு அலுமினியமாக இருக்கட்டும்.

லோடு ஏறிய பிறகு தெர்மல் கேமராவில் மூன்று ஃபேஸையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே லோடில் ஒன்று மட்டும் சூடாகத் தெரிந்தால் அந்த இணைப்பில்தான் குறை. இரண்டு ரன் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும்: ஒரு லக் கெட்டால் அதன் பங்கில் கொஞ்சம் மற்ற கேபிளுக்குப் போய்ச் சேரும், கெட்டது ஒருவேளை சூடாகவே தெரியாது. அதனால் கிளாம்ப் மீட்டரில் ஒவ்வொரு ரன்னையும் தனியாக அளக்க வேண்டும். கருத்து நிறம் மாறிய லக்கை மறுபடி அமுக்கிப் பயனில்லை. வெட்டிவிட்டுப் புதிது போட வேண்டும். அதற்குக் கேபிளில் நீளம் இருக்க வேண்டுமே! முதல்முறை இழுக்கும்போதே பேனலுக்குக் கீழே ஒரு சுற்று மிச்சம் விடச் சொல்லுங்கள்.