கட்டை கட்டிய பெண்கள்



காஞ்சிபுரம் என்றால் வெளியூர்க்காரர்கள் மூணு சொல்லுவார்கள்: பட்டு, கோயில், இட்லி. நாலாவதாக ஒன்று உண்டு. அது கூத்து. அதை நாமே சொல்வதில்லை. இந்த மாத சுவர்ப் பத்திரிகையில் அதைப் பற்றியும், அதற்காகவே நம் பக்கத்தில் உருவான ஒரு சங்கத்தைப் பற்றியும் எழுதுகிறேன்.

கட்டைக்கூத்து என்றால் என்ன?

லேசான மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டும் வண்ணத் தாளும் ஒட்டிய கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் இவைதான் 'கட்டை'. கர்ணன், துரியோதனன், அர்ச்சுனன் போன்ற பெரிய வேஷங்கள் இதைக் கட்டிக்கொண்டு திரைக்குப் பின்னால் நின்று பாடியபடி வருவார்கள். முகவீணை, ஆர்மோனியம், மிருதங்கம், தாளம் எல்லாம் கூடவே ஒலிக்கும். கட்டியக்காரன் இடையில் புகுந்து சிரிக்க வைப்பான். கூத்து ராத்திரி ஆரம்பித்தால் பொழுது விடிந்துதான் முடியும்.

நம்ம பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைக்கும்போது பகலில் பாரதக் கதை படிப்பார்கள், இரவில் கூத்து நடக்கும். கடைசியில் துரியோதனன் படுகளமும் தீமிதியும். ஆக, எழுதப் படிக்கத் தெரியாத நம் தாத்தா பாட்டிகளுக்கும் மகாபாரதம் தெரிந்தது இந்தக் கலைஞர்களால்தான். ஆனால் விடிந்ததும் அதே கலைஞரை "கூத்தாடி" என்று திட்டுச் சொல்லாகச் சொல்கிறோம். இது நியாயமா?

சங்கம் வந்த கதை

பெருங்கட்டூர் ராஜகோபால் என்பவர் கூத்துக் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயசிலேயே வேஷம் கட்டத் தொடங்கியதால் அவருடைய பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. அவரும், நெதர்லாந்து நாட்டிலிருந்து வந்து கூத்தை ஆராய்ச்சி செய்த ஹன்னே டி புருயினும், மற்ற கலைஞர்களும் சேர்ந்து 1990-ல் கட்டைக்கூத்துச் சங்கத்தைத் தொடங்கினார்கள். தனித்தனியாக இருந்த கலைஞர்கள் ஒன்றாக நின்று தங்கள் தொழிலுக்கு மரியாதை கேட்டார்கள். பெயரில் இருந்தே தொடங்கியது அது. பலரும் 'தெருக்கூத்து' என்பார்கள். இவர்கள் 'கட்டைக்கூத்து' என்றே சொல்லவேண்டும் என்றார்கள். இடத்தை வைத்துக் கூப்பிடாமல் கலையை வைத்துக் கூப்பிடுங்கள் என்பதுதான் அதன் பொருள் என்று நான் நினைக்கிறேன்.

படிப்பா? கூத்தா?

கூத்து கற்கும் பிள்ளைக்கு ஒரு பெரிய கஷ்டம் உண்டு. ராத்திரி முழுக்க ஆடிவிட்டு காலையில் எப்படிப் பள்ளிக்கூடம் வரமுடியும்? வகுப்பில் தூங்கும், அப்புறம் வராமலே நின்றுவிடும். இந்த ஊரில் தறியில் உட்கார்ந்த பிள்ளைகளுக்கும் ஒரு காலத்தில் இதே கதிதானே?

சங்கம் இதற்கு ஒரு வழி கண்டது. காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் 2002-ல் கட்டைக்கூத்து குருகுலம் தொடங்கியது. அங்கேயே தங்கி, பள்ளிப் பாடமும் கூத்தும் சேர்த்துப் படிக்கலாம். இரண்டில் ஒன்றை விடவேண்டியதில்லை.

இதைவிடப் பெரிய காரியம் ஒன்று நடந்தது. பரம்பரையாகக் கூத்தில் ஆண்கள்தான் ஆடுவார்கள். திரௌபதியும் பொன்னுருவியும் ஆண் வேஷக்காரர்களே. குருகுலத்தில் பெண் பிள்ளைகளையும் சேர்த்தார்கள். அவர்களும் கட்டை கட்டினார்கள், ராஜா வேஷமும் போட்டார்கள்!

உங்களுக்குத் தெரியுமா?
★ ஜப்பான் நாட்டின் 'கபுகி' நாடகத்தை 1603 வாக்கில் தொடங்கியவர் ஒகுனி என்ற பெண். 1629-ல் பெண்கள் அதில் நடிக்க அரசு தடை போட்டது.
★ இங்கிலாந்தில் ஷேக்ஸ்பியர் காலத்தில் பெண் வேஷத்தைப் பையன்கள்தான் போட்டார்கள். 1660-க்குப் பிறகே பெண்கள் மேடை ஏறினார்கள்.

பெண் ஆடினால் என்ன?

இதை எங்க ஆயாவிடம் சொன்னேன். "பொம்பளப் புள்ள ராத்திரியில ஊர் ஊரா போயி ஆடுறதா? அப்புறம் யாரு கட்டிக்குவா?" என்றார். "ஏன் ஆயா, திரௌபதியே பொம்பளதானே?" என்று கேட்டேன். ஆயா பதில் சொல்லவில்லை, சிரித்துவிட்டார்.

ஆயா சொன்னதை நான் தள்ளிவிடவும் இல்லை. ராத்திரி பயணம், தங்க இடம், துணி மாற்ற மறைவு, கழிப்பறை இதெல்லாம் உண்மையான பிரச்சினைகள். கல்யாணம் ஆனதும் ஆட்டத்தை விடச் சொல்லும் வீடுகளும் உண்டு. ஆனால் இவை பெண்ணிடம் இருக்கும் குறை கிடையாது, ஊர் செய்து தரவேண்டிய ஏற்பாடுகள்.

'பகடை துகில்' கூத்தை நினைத்துப் பாருங்கள். தருமர் சூதில் தன்னையும் தோற்று திரௌபதியையும் தோற்கிறார். துச்சாதனன் அவளைச் சபைக்கு இழுத்து வருகிறான். "தன்னையே முதலில் தோற்றவருக்கு என்னைப் பணயம் வைக்க என்ன உரிமை?" என்று அவள் கேட்கிறாள். பெரியவர்கள் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஆண் கலைஞர்கள் இதை உருக்கமாகத்தான் செய்கிறார்கள், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கேள்வியை ஒரு பெண்ணே ஊர் நடுவில் நின்று கேட்டால், கீழே பாயில் உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்றவளுக்கு வேறு மாதிரி இருக்கும். நம்மையும் கேட்க வைக்கும். சமுதாயத்துக்குக் கலை செய்யும் உதவி என்று கட்டுரையில் எழுதுகிறோமே, அது இதுதான்.

இனி என்ன?

குருகுலம் 2020-ல் மூடப்பட்டது. பதினெட்டு வருஷம் நடந்திருக்கிறது. அங்கே படித்து முடித்தவர்களுக்கு அந்தக் கலை கையில் இருக்கிறது. ஆனால் இப்போது பத்து வயசாகும் ஒரு பெண் பிள்ளைக்குக் கட்டை கட்ட ஆசை வந்தால், படிப்பை விடாமல் எங்கே போய்க் கற்பாள்? அப்பாவோ தாத்தாவோ கூத்துக்காரராக இருந்தால் பையனுக்கு ஒரு வழி உண்டு. பெண்ணுக்கு அதுவும் நிச்சயமில்லை.

ஒரு குருகுலம் கட்ட நம்மால் முடியாது. ஆனால் சிலது முடியும்.

1. நம் ஆண்டு விழாவில் எல்லாம் சினிமாப் பாட்டுக்குத்தான் ஆடுகிறோம். ஒரு அரைமணி நேரம் கூத்துக்கு ஒதுக்கலாம்.
2. பக்கத்து ஊர்க் கூத்துக் கலைஞர் ஒருவரை அழைத்து, அடவும் பாட்டும் சொல்லித் தரச் சொல்லலாம். அதற்குரிய சம்பளமும் கொடுக்கவேண்டும். சால்வை மட்டும் போதாது.
3. கற்க வருபவர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்கவேண்டும்.
4. "கூத்தாடி" என்ற சொல்லைத் திட்டுவதற்கு இனிமேல் பயன்படுத்தக் கூடாது. இதற்குப் பணம் காசு தேவையில்லை, இன்றைக்கே தொடங்கலாம்.

ஆசிரியர்கள் மனசு வைத்தால் இது நடக்கும். பெயர் கொடுக்க விரும்பும் தோழிகள் என்னிடம் சொல்லுங்கள். ஒரு விஷயம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். துரியோதனன் வேஷம் எனக்கு!



— 9-ஆம் வகுப்பு மாணவி